அடியில் தங்கும் தண்ணீர்

மெக்கானிக் லிங்கதுரை விரல்முட்டியை மடக்கி, காரிலிருந்து கழற்றிய பெட்ரோல் டேங்க்கைத் தட்டினான். மேல் பக்கம் கணீரென்றது. கொஞ்சம் இறங்கித் தட்டினான். அதுவும் கணீர்தான், ஆனால் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்ன மாதிரி இருந்தது. இன்னும் கீழே, இரண்டு தகடுகளும் சேரும் விளிம்புக்குப் பக்கத்தில், பொத்தென்று ஒரு சத்தம். எப்சிபாவுக்கு அந்தச் சத்தத்தைத் தெரியும். எங்கே கேட்டது என்றுதான் தெரியவில்லை. பழுத்துப்போன பப்பாளியா, மழையில் ஊறிய கதவா என்று தேடிக்கொண்டே போனவள் கடைசியில் ஆஸ்பத்திரி அறையில் போய் நின்றாள். அங்கே டாக்டர் அவள் கணவரின் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டிக்கொண்டே இறங்கினார். சட்டையில்லாமல் குனிந்து உட்கார்ந்திருந்த அவர், யார் வீட்டுக் கதவையோ யாரோ தட்டுகிறார்கள் என்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். நெஞ்சில் ஒன்றும் இல்லை, நெஞ்சு இரும்பு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். இரும்பு. அதைச் சொல்லி டாக்டர் சிரித்தார், அவரும் சிரித்தார், அவளால் முடியவில்லை. நெஞ்சுக்காகவா அவ்வளவு தூரம் கூட்டிக்கொண்டு போனாள்? இப்போது அவர் காருக்குள் இருக்கிறார். ஒர்க்ஷாப் பள்ளத்தின் மேல் நிற்கும் காரின் டிரைவர் சீட்டில், இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்து, முன் கண்ணாடி வழியாக எதையோ பார்த்துக்கொண்டு. டேங்க்கைக் கழற்றும்போது இறங்கச் சொன்னார்கள். இறங்கவில்லை. "இருக்கட்டும்மா, அண்ணாச்சி என்ன அவ்வளவு கனமா? பழைய ஆளு, வண்டிய விட்டு இறங்க மனசு வராது" என்று லிங்கதுரை பள்ளத்துக்குள்ளிருந்து குரல் கொடுத்தான். வயிற்றைக் கழற்றி எடுத்துவிட்ட காருக்குள் அவர் ஓட்டுநராக உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும், இப்படியெல்லாம் ஏன் தோன்றுகிறது என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

இந்தக் காரை ஒரு தடவை ஓடவைத்துவிட வேண்டும். அவ்வளவுதான். விற்கவோ வைத்துக்கொள்ளவோ அல்ல. ஒரு டிரைவரைப் பேசிவைத்திருக்கிறாள். அவரைப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, துறைமுகத்து ரோட்டில் ஒரு தடவை போய் வர வேண்டும். அவர் முப்பது வருஷத்துக்கு மேல் கிரேன்களைப் பார்த்துக்கொண்ட துறைமுகம். அங்கிருந்து ஒரு நாள் எஃகு வடம் அறுந்து தெறித்ததில் வலது கட்டைவிரலில் குறுக்கே ஒரு கோடு வாங்கிக்கொண்டு வந்தார். ரேகைகளை வெட்டிக்கொண்டு போகும் வெள்ளைக் கோடு. அந்தக் கட்டைவிரல்தான் இப்போது ஸ்டியரிங்கின் மேல் லேசாக அசைந்துகொண்டிருக்கிறது, ஹாரன் அடிக்கலாமா என்று கேட்பதுபோல. போன மாதம் ஒரு காலையில் அவர் ஷெட்டில் நின்று காரின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்சி, இது யாரு வண்டி?" என்றார். அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள், கையில் இருந்த துணி கையிலேயே இருந்தது. அவர் முன்பக்கத்து மட்கார்டைத் தடவினார், உள்ளங்கையால், காய்ச்சல் பார்ப்பதுபோல. "நல்ல வண்டி. யாரோ நல்லாத்தான் வச்சிருந்திருக்காக" என்றார். சாப்பாட்டின் ருசி போனது, மகள் பிறந்த மாதம் போனது, ஞாயிற்றுக்கிழமைகள் போயின, அதையெல்லாம் அவள் தாங்கிக்கொண்டாள். இது தாங்கவில்லை. அவளுடைய முகம் போவதற்கு முன் போக வேண்டியது கார்தான் என்று அவள் மனதுக்குள் ஒரு வரிசை வைத்திருந்தாள் போலிருக்கிறது. கார் போனால் அடுத்தது யார் என்று தெரியும். அதனால்தான் லிங்கதுரையைக் கூப்பிட்டாள். புது பேட்டரி போட்டான், கொஞ்சம் பெட்ரோல் ஊற்றினான், நாலு தடவை இருமிவிட்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது, தெருமுனை வரைக்கும் போய், தொண்டையில் ஏதோ சிக்கினது மாதிரி விக்கி நின்றுவிட்டது. பிறகு கயிறு கட்டி இழுத்துக்கொண்டு இங்கே வந்தார்கள். திருச்செந்தூர் ரோட்டில் உப்பளங்களுக்கு எதிரில் இருக்கிறது ஒர்க்ஷாப். எதிரே வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், மேலே கீற்று வேய்ந்தவை, கூரை மட்டும் இருந்து வீடில்லாத வீடுகள் மாதிரி. காற்றில் உதடு கரிக்கிறது.

"இங்க பாருங்கம்மா" என்று லிங்கதுரை ஒரு கண்ணாடி பாட்டிலைத் தூக்கிக் காட்டினான். டேங்க்கிலிருந்து பிடித்தது. "இது பெட்ரோலா? சுக்குக் கஷாயம். இதக் குடிச்சிட்டு எஞ்சின் எப்படிம்மா ஓடும், தும்மத்தான் செய்யும்." மேலே தேன் நிறத்தில் ஒரு தெளிவு. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே கலங்கலாக இன்னொன்று. எல்லாவற்றுக்கும் அடியில் செங்காவிப் பொடி, மெதுவாக, அவசரமே இல்லாமல் படிந்துகொண்டிருந்தது. "கீழ நிக்கது தண்ணி. யாரும் ஊத்தல. டேங்க்குக்குள்ள வெறும் இடம் இருந்தா வேர்க்கும். பகல் சூடு, விடியக்காலம் குளிரு, உள்பக்கத்துத் தகரம் வேர்த்து வேர்த்து இறங்கும். தண்ணி கனம்லா? பெட்ரோல மேல விட்டுட்டு அடியில போயிப் படுத்துக்கிடும். படுத்த எடத்துல இருந்து தின்ன ஆரம்பிக்கும்." டார்ச்சை டேங்க்கின் வாய்க்குள் விட்டு அவளையும் பார்க்கச் சொன்னான். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். வருஷக்கணக்கில் தாவரவியல் லேபில் மைக்ராஸ்கோப்பில் இப்படித்தான் பார்த்தாள், மாணவிகளுக்கு முன்னால் தான் பார்த்துவிட்டு, நகர்ந்து, பாருங்கள் என்பாள். உள்ளே ஒரு குகை. சுவர்களில் ஆரஞ்சும் பழுப்பும் கருப்புமாகப் படர்ந்திருந்தது, அழகாகக்கூட இருந்தது. துரு. கோதுமைப் பயிருக்கு வரும் துரு நோயை அவள் எத்தனை வகுப்புகளுக்கு எடுத்திருப்பாள்! இலையில் செம்புள்ளி தெரிகிற நாளில் நோய் தொடங்குவதில்லை, பெண்களே; அது எப்போதோ உள்ளே புகுந்து, நரம்புகளுக்கு இடையில் ஊர்ந்து, தன் வேலையை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்து பூக்கிறது. பெண்கள் எழுதிக்கொள்வார்கள். மின்விசிறி சுற்றும். எழுதிக்கொள்ளும் பேனாக்களின் அந்தச் சத்தம், சின்ன மழை மாதிரி. "ஓடுத வண்டிக்கு இது வராதும்மா. நிப்பாட்டிப் போட்டதுதான் வினை. ஏன் நிப்பாட்டுனீங்க?" என்றான் லிங்கதுரை. அவள், "அவுகளால ஓட்ட முடியாமப் போச்சு" என்றாள். முடியாமல் போயிற்று. வாக்கியத்தில் யாருமே இல்லை. தானாகவே நடந்த ஒன்று. நிறுத்தியது யார் என்று அந்த வாக்கியத்தைக் கேட்டால் அதற்குத் தெரியாது.

நிறுத்தியது அவள்தான். அதில் ஒளிக்க என்ன இருக்கிறது, நல்லதுக்குத்தானே செய்தாள். முதல் தடவை சந்தைப்பேட்டை பக்கம் வண்டி நின்றது, பெட்ரோல் இல்லாமல். அளவு காட்டும் முள்ளைப் பார்த்தாயிற்றா என்று கேட்க முடியாது, அந்த முள் எப்போதோ செத்துப்போய்ப் பாதியில் படுத்திருந்தது. எவ்வளவு போட்டோம், எவ்வளவு ஓடினோம் என்று அவர் மனதுக்குள்ளேயே கணக்கு வைத்திருப்பார், ஒருநாளும் தப்பியதில்லை. அன்றைக்குத் தப்பியது. "போட்டேன்லா எப்சி" என்றார், திரும்பத் திரும்ப, பெட்ரோல் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேட்டுக்கொண்டு. இரண்டாம் தடவை ஏரலுக்குப் போகிற வழியில். "போட்டேன்லா." அப்புறம் அக்கா போன அன்றைக்கு. அக்கா தெபோராள் சாயர்புரத்தில் விடியற்காலம் போய்விட்டாள், வெயில் காலம், நெடுநேரம் வைத்திருக்க முடியாது, மதியத்துக்குள் அடக்கம், சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று போன். இதே ரோட்டில், இதோ இந்த உப்பளங்களுக்கு நடுவில், கார் விக்கிக்கொண்டு நின்றது. வெள்ளைச் சேலையோடு அவள் ரோட்டில் நின்றாள். உச்சி வெயிலில் உப்பு கண்ணைக் குத்தியது. அவர் இறங்கி, மூடியைத் திறந்து, காரை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். உள்ளே சலசலப்பே இல்லை. திரும்பி அவளைப் பார்த்த முகம். அந்த முகத்தை அவள் அன்றைக்குப் பார்க்கவில்லை, இப்போதுதான் பார்க்கிறாள். "முந்தாநாள் சாயந்திரம் போட்டேன் எப்சி. சத்தியமாப் போட்டேன். பில்லு போடுத பையன்ட்ட பேசிக்கிட்டு நின்னேன்லா." ஒரு உப்பு லாரி நின்றது. அவள் முன்னால் ஏறினாள், அவர் பின்னால் மூட்டைகளின் மேல். சாயர்புரம் போய் இறங்கியபோது மணி அடித்து ஓய்ந்துவிட்டிருந்தது. பெட்டியை மூடியாயிற்று. குழியில் மண் விழுகிற சத்தம், பொத், பொத்தென்று. அதுதான். பப்பாளியும் இல்லை, டாக்டரின் விரலும் இல்லை, அந்தச் சத்தம்தான் இது. ஏன் இவ்வளவு நேரமானது என்று யாரோ கேட்டார்கள். அத்தனை பேருக்கும் நடுவில் அவள் திரும்பிச் சொன்னாள், "பெட்ரோல் போட மறந்துட்டாக. இப்ப எல்லாத்தையும் மறக்காக. இவுகளுக்குப் புத்தி நிதானம் இல்ல." அவர் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே நின்றிருந்தார், கறுப்பு பேண்ட்டில் வெள்ளை வெள்ளையாக உப்பு. சாவியைக் கொடுங்கள் என்று கையை நீட்டினாள். கொடுத்தார். உள்ளங்கையில் வைத்த சாவி சூடாக இருந்தது.

சூடாக இருந்தது. அதை ஏன் மனது இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது? அக்காவின் முகம் எவ்வளவு நினைத்தாலும் வரமாட்டேன் என்கிறது, சின்ன வயதில் பின்னல் போட்டுவிடும்போது கண்ணாடியில் தெரிந்த பாதி முகம்தான் வருகிறது. சாவியின் சூடு மட்டும் கையிலேயே இருக்கிறது. காரை யாரோ இழுத்து வந்து ஷெட்டில் விட்டார்கள். அன்று சாயந்திரத்திலிருந்து அவர் மாறிப்போனார். சண்டை போடவில்லை. எதைக் கேட்டாலும், "நீ சொன்னா சரி" என்பார். காபி குடித்தீர்களே? நீ சொன்னா சரி. நேற்று மாத்திரை போடவில்லையே? நீ சொன்னா சரி. முதலில் அது கோபம் என்று நினைத்தாள், கோபமாக இருந்தால் போகட்டும் என்று விட்டுவிட்டாள். பிறகு அது கோபமாகத் தெரியவில்லை. வீட்டுப் பொறுப்பை ஒப்படைப்பது மாதிரி, தன் நினைவையும் அவளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்வு எடுத்துக்கொண்டார். இது நடந்தது, இது நடக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். வகுப்பில் நின்று பேசிய பழக்கம், திருத்தாமல் இருக்க வராது. பிறகு ஒரு நாள் ஸ்கேன் எடுத்தார்கள், மூளை கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்றார்கள், அவள் பயந்தாள், பயத்துக்குக் கீழே ஏதோ ஒன்று, சொல்லக் கூச வேண்டிய ஒரு நிம்மதி. சொன்னது சரியாகப் போயிற்று என்ற நிம்மதி.

"எத்தன நாளா இருக்கும் தம்பி இந்தத் துரு?" என்று கேட்டாள். "நிப்பாட்டுனதுல இருந்துதாம்மா. உள்ள இருக்கதெல்லாம் புதுத் துரு, கையில ஒட்டுது பாருங்க." ஒட்டியது. சுண்டுவிரல் நுனியில் மஞ்சள் பூசினது போல. சரி, அப்படியானால் இது அவள் செய்தது. ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள், வெறுமையாக வைத்தாள், அது உள்ளுக்குள் வேர்த்து, தண்ணீர் அடியில் படுத்து, தின்றது. இவ்வளவு குற்றத்தை அவளால் சுமக்க முடியும். யாரையும் கொல்லாமல் இருக்க வேண்டுமே என்று எடுத்த சாவி, அதற்கு ஒரு டேங்க் போனால் போகட்டும். இதைச் சுமந்துகொண்டு துறைமுகத்து ரோட்டில் ஒரு தடவை போய்வரலாம். லிங்கதுரை டேங்க்கைக் கவிழ்த்துப் போட்டான். கம்பி பிரஷ்ஷால் அடிப்பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான், தேய்த்துக்கொண்டே பேசினான். போன வாரம் ஒரு ஆள் டீசல் காருக்குப் பெட்ரோல் போட்டுவிட்டு, வண்டிக்குத் திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் வெட்டினானாம். அவள் சிரித்தாள். சிரித்தது தன் காதிலேயே விழுந்தது, நல்ல சிரிப்பாகத்தான் இருந்தது. டேங்க்கைக் காரோடு சேர்த்துக் கட்டும் இரும்புப் பட்டை படுகிற இடத்தில் கறுப்பாக ஒரு கம்பளித் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரை நுழைத்து நெம்பினான். கருவாடு மாதிரி விறைப்பாக உரிந்து வந்தது. லிங்கதுரை கம்பளியை மூக்குக்குக் கொண்டுபோனான். "ஏயப்பா" என்றான்.

"என்ன?" என்றாள். "இது பழைய ஒழுக்கும்மா. பெட்ரோல் ஊறி ஊறிக் காஞ்சு பிசினாயிருக்கு. இங்க பாருங்க, சுத்தி எப்படிக் கறை ஏறியிருக்கு, அடுக்கடுக்கா. இது நிப்பாட்டுனதுக்கு அப்புறம் வந்தது இல்ல. வண்டி ஓடும்போதே ஒழுகியிருக்கு." விளிம்பைச் சுற்றிப் பழுப்புக் கறை, வெட்டிய மரத்தின் வளையங்களைப்போல ஒன்றுக்குள் ஒன்று. வளையங்களை எண்ணி வயது சொல்லலாம், பெண்களே. "நின்னா சொட்டுச் சொட்டா வரும். மேடு பள்ளத்துல ஓடுனா நூலு மாதிரி ஊத்தும். போட்டது போட்ட மாதிரியே போயிரும்லா. கீழ ஒண்ணும் தெரியலையா, எங்க நிப்பாட்டுவீங்க வண்டிய?" மணலில். ஷெட்டில் தரை போடவில்லை, தேரி மணல், எதைக் கொட்டினாலும் குடித்துவிடும். "வாசனை தூக்கியிருக்குமே. வண்டிக்குள்ள உக்கார முடியாதே. ஒருத்தருக்குமா அடிக்கல?" எனக்கு மூக்கு இல்லை தம்பி என்று சொல்லியிருக்கலாம். லேபில் பார்மலின் ஜாடிகளுக்கு நடுவில் இத்தனை வருஷம் நின்று அது எப்போதோ செத்துப்போயிற்று. மல்லிகையைக்கூட வெள்ளையாகத்தான் தெரியும். அவருக்கு அடித்தது. ஏரலுக்குப் போகும் வழியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, "பெட்ரோல் வாசனை அடிக்குதே எப்சி, உனக்கு அடிக்கலையா?" என்றார். அடிக்கவில்லை, உங்களுக்கு என்னமோ பிரமை என்றாள். சாயர்புரம் போகிற அன்றைக்கும், கிளம்பும்போதே மூக்கைச் சுளித்தார், இறங்கிக் குனிந்து பார்க்கப் போனார். "ஒரு வாசனையும் இல்ல, எடுங்க வண்டிய, அக்கா முகத்தப் பாக்கணும்" என்றாள். டாக்டர், இல்லாத வாசனை வருகிறது என்கிறார், அதுவும் இந்த நோயில் உண்டா என்று பிறகு கேட்டாள். உண்டு என்றார் டாக்டர், சில பேருக்கு உண்டு. எழுதிக்கொண்டார். போட்டேன்லா எப்சி. சத்தியமாப் போட்டேன். டேங்க்கின் வாயில் காது வைத்து அவர் கேட்டது, உள்ளே என்ன கேட்டதோ.

"ஆனா ஒண்ணும்மா" என்று லிங்கதுரை இன்னும் உன்னிப்பாகக் குனிந்தான். "ஓட்டைய யாரோ அடைச்சிருக்காக. சோப்பு வச்சு." சோப்பா? "துவைக்கிற பார் சோப்பு. அவசரத்துக்கு லாரிக்காரன்லாம் செய்வான். சோப்பத் தண்ணிதான் கரைக்கும், பெட்ரோல் ஒண்ணும் செய்யாது, கல்லு மாதிரி நிக்கும். ஓட்டை தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, அதான் கரையல. எந்த மெக்கானிக் வச்சதோ, பெரிய கையி. அழுத்தி, வழிச்சு, சுத்தி விரலால தடவி விட்டிருக்கான், கொத்தனார் பூசுன மாதிரி. இந்த வேலைய நானே இப்படிச் செய்ய மாட்டேன்." ஸ்குரூடிரைவர் முனையால் நோகாமல் பெயர்த்தான். சோப்பு முழுசாக வந்தது, நீலம், பல் மாதிரி ஒரு சின்னத் துண்டு. அது இருந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஒரு கறுப்பு. டேங்க்கைத் திருப்பிப் பிடித்தான். உள்ளே மிச்சமிருந்த கசண்டிலிருந்து ஒரு சொட்டு அந்தக் கறுப்பில் வந்து திரண்டது, தொங்கியது, யோசித்தது, விழுந்தது. "குடுங்க" என்று கையை நீட்டினாள். அன்று சாவிக்கு நீட்டிய அதே கை. சோப்பைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். மேல்பக்கத்தில் ஒரு கட்டைவிரல். சுழிசுழியாக ரேகைகள், நேற்று பதித்ததுபோல. சுழிகளை வெட்டிக்கொண்டு குறுக்கே ஒரு கோடு.

நீலச் சோப்பு. துவைகல்லின் மேலிருந்து காணாமல் போன சோப்பு. அக்காவின் மூன்றாம் நாள் ஜெபக்கூட்டம் முடிந்து வந்த சாயந்திரம் அது. எந்த சாயந்திரம் என்று தேட வேண்டியதே இல்லை, கதவைத் திறந்ததும் நிற்கிறது. அவள் அடுக்களையில் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். போனில் மகள். மகளிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள், அப்பா இதை மறக்கிறார்கள், அதை மறக்கிறார்கள், இல்லாத வாசனை அடிக்கிறது என்கிறார்கள். நிலைவாசலில் அவர் வந்து நின்றார். முதுகெல்லாம் மணல், தலைமுடியில் மணல், கை கறுப்பு. முகம் எப்படி இருந்தது? வெளிச்சமாக இருந்தது. இருந்ததா, இப்போது அவள் ஏற்றிக்கொள்கிறாளா? "எப்சி, வண்டியில பாத்தேன்..." என்றார். அவள் கத்தியோடு இருந்த கையை உயர்த்தினாள், இருங்கள், போனில் பேசுகிறேன். அவர் இருந்தார். எவ்வளவு நேரம் இருந்தார்? மகளுக்கு எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை, தன்னைப் பற்றிய எல்லாவற்றையும் தன் காதால் கேட்டுக்கொண்டு, இருந்தார். போனை வைத்துவிட்டு அவள் திரும்பினாள். "சட்டையெல்லாம் ஏன் மண்ணு? துவைகல்லுல இருந்த சோப்ப எங்க கொண்டு போட்டீங்க?" அவர் தன் கையைப் பார்த்தார். கட்டைவிரலைப் பார்த்தார். "தெரியல எப்சி" என்றார். அவள், சொல்லாமல் விட்டிருக்கலாம், ஆனால் சொன்னாள், "நீங்கதான் எடுத்திருக்கீங்க, எடுத்ததையே மறந்துட்டீங்க." "நீ சொன்னா சரி" என்றார். சோப்பையும் டாக்டரிடம் சொன்னாள். பொருட்களை இடம் மாற்றி வைக்கிறாரா என்று டாக்டர் கேட்டபோது, ஆமாம், சோப்பு, என்றாள். எழுதிக்கொண்டார்கள். அவர் ஏன் சொல்லவில்லை? ஷெட்டிலிருந்து அடுக்களைக்கு நடந்து வந்த அந்தக் கொஞ்ச தூரத்தில், அவள் கை உயர்த்திய அந்தக் கொஞ்ச நேரத்தில் உண்மையாகவே மறந்துபோனாரா? அப்படியானால் நோய் அன்றைக்கே இருந்தது, அவள் சொன்னதில் தப்பில்லை. இல்லை, மறக்கவில்லை, அத்தனையும் நினைவு இருந்து, மகளுக்குச் சொல்லியாயிற்று, ஊருக்குச் சொல்லியாயிற்று, இனி எதற்கு என்று விழுங்கினாரா? அதுவும் இல்லாமல், வாசனையை நம்பிக் குனிந்து பார்த்திருந்தால் வேறு கார் பிடித்துப் போயிருக்கலாம், அக்கா முகத்தைப் பார்த்திருக்கலாம், தடுத்தது அவள்தான் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம் என்று அவளுக்காக விழுங்கினாரா? மூன்றில் எது? துருவில் எது பழையது, எது புதியது என்று லிங்கதுரையால் விரல் வைத்துச் சொல்ல முடிகிறது. மூன்றில் எது என்று சொல்லத் தெரிந்தவர் ஒருவர்தான். அவர் அங்கே, கண்ணாடி வழியாக உப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளெல்லாம் ஒருத்தர், நீ மறக்கிறாய், மறக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே இருந்தால், மறக்காதவரும்... வேண்டாம். அந்த நினைப்பை அவள் பிடித்து நிறுத்தினாள். அது நிற்கவில்லை.

"யாரு வச்சதும்மா, தெரியுமா?" என்று லிங்கதுரை கேட்டான். "தெரியும்" என்றாள். அவன் டேங்க்கைத் தூக்கிக்கொண்டு கழுவப் போனான், இன்றைக்கு ஓடாது, ஓட்டையை ஈயம் வைத்து அடைத்து உள்ளே கழுவி வெயிலில் வைத்துத்தான் மாட்ட வேண்டும் என்று திரும்பிப் பார்க்காமலே சொன்னான். அவள் சோப்பை மூடிய கையோடு காருக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கண்ணாடி இறக்கியிருந்தது. சொல்லிவிட வேண்டும், இதோ, இந்த நிமிஷமே, அவருக்குப் புரிகிறதோ இல்லையோ, அவர் காதில் விழ வேண்டும். அத்தான், நீங்க போட்டிருந்தீங்க. மூன்று தடவையும் போட்டிருந்தீங்க. நாக்கு எழும்பவில்லை. வகுப்பெடுத்த நாக்கு. அவர் திரும்பிப் பார்த்தார். பார்வையில் முன்பின் தெரியாத ஒருவருக்கான மரியாதை இருந்தது. பிறகு அந்த மரியாதை மெல்லக் கரைந்து, பார்வை அவளுடைய சேலையில் வந்து நின்றது. இன்றைக்கு அவள் வெளுத்த சந்தன நிறத்தில் ஒன்றை உடுத்தியிருந்தாள், வெயிலில் அது வெள்ளையாகத் தெரிந்திருக்க வேண்டும்.

"ஏன் நிக்க? ஏறு எப்சி" என்றார். "அக்காவ எடுத்துரப் போறாக. நேரமாச்சுல்லா."

அவள் காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். தகரம் சுட்டது. எதிரே உப்பு சுட்டது. இதே ரோடு, இதே வெயில், கார் அதே திசையைப் பார்த்துத்தான் நிற்கிறது.

"பெட்ரோல் போட்டாச்சு" என்றார் அவர், அவள் கேட்காமலே, கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் பயந்து. "முந்தாநாளே போட்டேன். சத்தியமாப் போட்டேன் எப்சி."

அவள் சுற்றிப் போய் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். சீட்டின் ஸ்பிரிங் பழைய குரலில் ஒரு தடவை முனகியது. கதவைச் சாத்தினாள்; முதல் தடவை சரியாகச் சாத்தாத கதவு, எப்போதும் போல இரண்டாம் தடவை இழுத்துச் சாத்தினாள். அவர் மூக்கைச் சுளித்தார். "என்னமோ பெட்ரோல் வாசனை அடிக்கி. உனக்கு அடிக்கா?" அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றும் வரவில்லை, உப்புக் காற்றின் சூடு மட்டும் வந்தது. உள்ளங்கையில் சோப்பு இளகத் தொடங்கியிருந்தது, வேர்வையில், ரேகை போய்விடும் என்று தெரிந்தும் அவளால் கையைத் திறக்க முடியவில்லை.

"அடிக்கி அத்தான்" என்றாள். "இறங்கிப் பாருங்க. நான் இருக்கேன்."

அவர் இறங்கவில்லை. அவளை ஒரு நிமிஷம் பார்த்தார், எதையோ எதிர்பார்த்திருந்து அது வராததில் ஆச்சரியப்பட்டவர் மாதிரி. "வேண்டாம், நேரமாயிரும். போயிரலாம்லா?" என்றார்.

"நீங்க சொன்னா சரி" என்றாள் எப்சிபா. அவர் ஸ்டியரிங்கைப் பிடித்து, கண்ணாடியில் பின்னால் பார்த்து, ரோட்டைப் பார்த்து, கட்டைவிரலால் ஹாரனை அழுத்தினார்.